சிவகாமசுந்தரி அக்காவின் பல்புப் பெட்டி

நான் சிவகாமசுந்தரி அக்காவுக்கு முப்பத்தைந்து வெள்ளி கடன்பட்டிருந்தேன். 1957-இல் பட்ட கடன். கையில் காசில்லாமல் தள்ளிப்போட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காசு இருந்தது. தரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, இரண்டு வருஷம் தராமல் இருந்தேன்.

என்னை மலாக்காவில் தெரியாத ஆள் இருந்தால் அவர் போன வாரம் குடிவந்தவராகத்தான் இருக்க வேண்டும். கலியாணசுந்தரம் ஒலிபெருக்கி நிலையம். படித்தது தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. இன்று எனக்குக் காஜா பெராங்கில் ஒரு கடை, ஆயர் குரோவில் இரண்டு கடைவீடு. யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய கையால் சம்பாதித்தது. நம் வட்டாரத்து மனிதர்களைப் பற்றி ஒரு மலர் போடுகிறோம், நீங்களும் ஒன்று எழுதுங்கள் என்று கோயில் ஆட்கள் கேட்டபோது, நான் என்னைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். எழுதலாம். பத்து மலர் நிரம்பும். ஆனால் அக்காவை விட்டுவிட்டு என் கதையை எழுதினால் அதில் பாதி பொய்யாக இருக்கும்.

அக்கா மலாக்காச் செட்டி வம்சம். கும்பிடுவது நம் சாமிகளை, பூசுவது திருநீறு, பெயரும் நம் பெயர்தான். உடுத்துவது மட்டும் சாரோங் கெபாயா, பேசுவது மலாய். அண்ணன், அக்கா, தம்பி என்ற முறைச் சொற்களைத் தாண்டி அவருக்குத் தமிழ் அதிகம் வராது. அவர் சொன்னதையெல்லாம் நான் இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன். புருஷன் மாணிக்கவாசகத்தை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனான். அந்த மனிதர் திரும்பவில்லை. ஜெயா என்று ஒரு மகள். அக்கா மணி கோத்த செருப்புகளைத் தைத்துக் கொடுத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

சண்டை முடிந்த பிறகு, ஜாலான் துக்காங் எமாஸுக்குப் பின்புறச் சந்தில் ரேடியோ கடை வைத்திருந்த தம்பிராஜா, கருகிப்போன டிரான்ஸ்பார்மர்களுக்குப் புதுக் கம்பி சுற்ற ஆள் தேடினார். தலைமுடி மாதிரி செம்புக் கம்பி. இரண்டாயிரம் சுற்று, மூவாயிரம் சுற்று. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கணக்குத் தப்பிவிடும். ஆண்களுக்குப் பொறுமை இல்லை. மணி கோக்கிற கை இதற்குச் சரியாக வரும் என்று யாரோ சொல்ல, அக்காவிடம் கொடுத்துப் பார்த்தார். அக்கா எண்ணுவதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பத்துச் சுற்றுக்கு ஒரு பச்சை மணியைத் தட்டில் போடுவார். பச்சை பத்துச் சேர்ந்ததும் அவற்றை எடுத்துவிட்டு ஒரு சிவப்பு மணி. வேலை முடிந்ததும் தட்டில் இருப்பதை நூலில் கோத்து ஆணியில் மாட்டுவார். எந்தக் கம்பிச் சுருள் எத்தனை சுற்று என்று அந்த நூலே சொல்லும். பத்து வருஷத்தில் அவர் சுற்றியது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று தம்பிராஜா எல்லாரிடமும் சொல்வார். கம்பி சுற்றி, பிறகு கடைக்காரரைக் கேட்டுக் கேட்டு, எது எதற்கு என்பதையும் அக்கா தெரிந்துகொண்டார்.

இனி என் சங்கதிக்கு வருகிறேன். 1955-இல் பட்டாளத்து ஏலத்தில் ஓர் ஆம்பிளிபயரும் இரண்டு ஹாரன் ஸ்பீக்கர்களும் எடுத்தேன். அன்றைக்கு மலாக்காவில் இன்னொரு தமிழரிடமும் ஆம்பிளிபயர் இருந்தது என்று சிலர் சொல்வார்கள். அவருடையது பாதி நாள் வேலை செய்யாது. எனக்குக் கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு கெட்ட குணம். யாராவது கொஞ்சம் உரக்கப் பேசினால், முக்கியமாகப் பெண்களும் பிள்ளைகளும் பேசினால், ஹாரன் கீச்சென்று காதைக் கிழிக்கும். கிழவர்கள் துண்டால் காதை மூடிக்கொள்வார்கள். டோன் குமிழைக் குறைத்தால் கீச்சல் போகும். கூடவே பேச்சும் போகும். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் கேட்கும். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா இதைச் சொல்லியே ஐந்து வெள்ளி பிடித்துக்கொண்டார்.

சுதந்திரம் வருகிறது என்று ஊரே பரபரத்த நேரம். எங்கள் திடலில் ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் பிள்ளைகள் பாட்டு, பேச்சு என்று ஏற்பாடு செய்தார்கள். அதற்குத் தலைவர் நல்லையா. ஒலிபெருக்கியை என்னிடமே கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னார்: "போன கல்யாணத்துல மாதிரி காதைக் கிழிச்சேன்னா காசு கிடையாது, கலியாணம். ஹாரன் கட்டின கம்பத்துலயே உன்னையும் சேர்த்துக் கட்டிடுவேன்."

தம்பிராஜாவிடம் ஓடினேன். தன்னால் ஆகாது, அக்காவைக் கேட்டுப் பார் என்றார்.

அக்கா தம் வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, என்னைத் தெருமுனையில் ஹாரனைக் கட்டிப் பேசச் சொன்னார். பேசினேன். பாடச் சொன்னார், பாடினேன். சீட்டியைக் கீழிருந்து மேலே கொண்டுபோகச் சொன்னார். ஓர் இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். மறுபடி, மறுபடி. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கை தூக்கினார்.

"இந்தக் குமிழைத் திருப்பி எல்லார் வாயையும் பொத்துறே, தம்பி. கத்துறது ஒருத்தன்தான். கொசு பாடுற இடத்துக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்திருக்கான். அவன் கத்துறப்போ மட்டும் அவன் வாயைப் பொத்தணும். மெதுவாப் பேசினா விட்டுடணும். அவன் இல்லாட்டி பேச்சே விளங்காது."

பதினொரு நாளில் ஒரு பிஸ்கட் டின்னில் செய்து கொடுத்தார். உள்ளே ஒரு கம்பிச் சுருள், ஒரு கண்டென்சர், மோட்டார் காடியின் பக்கவாட்டு விளக்கில் போடுகிற சின்ன பல்பு ஒன்று. ஆம்பிளிபயரிலிருந்து வருகிற சத்தம் இங்கே இரண்டு வழியாகப் பிரியும். தடித்த சத்தம் சுருள் வழியாகப் போகும். கீச்சுக்குரல் மாதிரி மெல்லிய சத்தம் கண்டென்சர் வழியாகப் போய், பல்பைத் தாண்டித்தான் ஹாரனுக்குப் போக வேண்டும். மெல்லியது மெதுவாக வந்தால் பல்பு குளிர்ந்து கிடக்கும், வழி விடும். கத்திக்கொண்டு வந்தால் பல்பின் கம்பி சூடாகிவிடும். சூடான கம்பி வழியை அடைக்கும். கத்தல் ஓய்ந்தால் கம்பி ஆறிவிடும், வழி திறந்துகொள்ளும்.

இதை இன்று இவ்வளவு சுத்தமாகச் சொல்கிறேன். அன்று அக்கா சொன்னபோது நான் காதில் வாங்கவில்லை. பெட்டி எவ்வளவு, எத்தனை வெள்ளி குறைக்கலாம் என்பதே என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. கம்பியும் கண்டென்சரும் பதினைந்து, வேலை முப்பது, ஆக நாற்பத்தைந்து என்றார். பத்து வெள்ளியை எடுத்துக் கொடுத்து, மீதி திடல் காசு வந்ததும் என்றேன். நான் கிளம்பும்போது ஒன்று சொன்னார். அது மட்டும் காதில் விழுந்தது.

"பல்பை மாத்தாதே லா, தம்பி. செத்துப்போனா இதே அளவுல வாங்கிப் போடு."

சரி சரி என்று தலையாட்டினேன்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு கல்யாணத்தில் பெட்டியை மாட்டினேன். மணப்பெண்ணின் சித்தி பாடினார். எட்டுக்கட்டைக் குரல். ஒரு கிழவர்கூடத் துண்டை எடுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் தெருக்கோடி வரை தெளிவாகப் போனது. சித்தி மேலே போகும்போதெல்லாம் டின்னின் ஓட்டை வழியாகப் பல்பு மினுக்மினுக்கென்று எரிந்தது. அதைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. குரலுக்கு ஏற்ற மாதிரி எரிகிறதே, இது யார் செய்தது என்று கேட்டார்கள். நான் செய்தது என்றேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அப்படித்தான் சொன்னேன். மறுநாள் டின்னின் முகத்தில் கையளவு வட்டம் வெட்டி, கண்ணாடி ஒட்டி, வெளிச்சம் வெளியே தெரிகிற மாதிரி செய்தேன்.

பல்பு என்பது காட்சிக்காக வைத்தது, சத்தம் ஓடுகிறது என்று காட்டுவதற்காக என்று நான் முழுசாக நம்பினேன். ரேடியோவின் முகத்தில் விளக்கு எரிவதில்லையா, அதுபோல. விளக்கு என்றால் எரிவதற்கு, எரிந்து தெரிவதற்கு. வேறு எதற்கு என்று நான் நினைப்பேன்?

முப்பத்தொன்றாம் தேதி திடலில் ஆயிரம் பேருக்குக் குறையாது. அத்தனை கூட்டத்தில் சின்ன பல்பு எங்கே தெரியும்? லோரி அட்டெண்டர் மருதமுத்துவிடம் லோரியின் முன்விளக்குப் பல்பு ஒன்று கேட்டு வாங்கினேன். சின்னதைக் கழற்றிப் புகையிலை டப்பாவில் போட்டுவிட்டு, பெரியதைக் கம்பி முறுக்கி மாட்டினேன்.

நல்லையா முதலில் பேசினார். பல்பு எரியவில்லை. சத்தக் குமிழை ஏற்றினேன். எரியவில்லை. பெரிய பல்பு, அதற்குத் தீனி அதிகம் வேண்டும்போல என்று இன்னும் ஏற்றினேன். பிள்ளைகள் இருபது பேர் பாட வந்தார்கள். குமிழைக் கடைசி வரை முறுக்கினேன். பல்பு சிவப்பாகத் தெரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பிள்ளைகள் இரண்டாவது அடியை உச்சத்தில் எடுத்தார்கள். ஹாரன் கீச்சென்றது, பிறகு தகரத்தைக் கிழிக்கிற மாதிரி கரகரத்தது. முதலில் ஒன்று செத்தது, அது செத்த கையோடு மற்றதும். உள்ளே இருக்கிற தகடு இரண்டிலும் கிழிந்துபோயிருந்தது.

சுதந்திர நாளில், அத்தனை ஜனத்துக்கு முன்னால், ஊமையாகிப்போன மைக்கின் முன் இருபது பிள்ளைகள் வாயை அசைத்துக்கொண்டு நின்றார்கள். பின்வரிசையில் சிரிப்பு. நல்லையா மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன். அந்தச் செட்டிப் பொம்பளை பெட்டி செய்து கொடுத்தாள், அது என் ஹாரனைத் தின்றுவிட்டது என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். நன்றாக ஓடியபோது என் பெட்டி. கெட்டதும் அக்காவின் பெட்டி. மறுநாள் காலையில் தம்பிராஜாவின் கடையிலும் போய் அதையே சொன்னேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

அன்று மத்தியானம் அக்கா என் வீட்டுக்கு வந்தார். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, உள்ளே வராமல் நின்றபடி கேட்டார்.

"பல்பை மாத்தினியா?"

"இல்லை."

"சத்தியமா?"

"நான் எதுக்கு மாத்தறேன்? உங்க கணக்கு தப்பு. ரெண்டு ஹாரனுக்கும் நீங்கதான் எனக்குக் காசு தரணும். முப்பத்தஞ்சு வெள்ளியை மறந்துடுங்க."

என்னைச் சந்தேகப்பட்டுத் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் நம்பிவிட்டார். "அப்போ நான்தான் எங்கேயோ தப்பா எண்ணியிருக்கேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, குடையைக்கூட விரிக்காமல் வெயிலில் நடந்து போனார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஜெயா சொல்லி எனக்குப் பின்னால் தெரிந்தது. ஆணியில் தொங்கிய அந்தப் பெட்டியின் மணி நூலை அக்கா எடுத்து எண்ணுவாராம். இரண்டு சிவப்பு, ஏழு பச்சை. இருநூற்று எழுபது சுற்று. அதே அளவுக் கம்பியை மறுபடி சுற்றுவார், பிரிப்பார், சுற்றுவார். தப்பு கிடைக்கவில்லை. இல்லாத தப்பு எப்படிக் கிடைக்கும்? தம்பிராஜா கொடுத்த வேலையிலும் தம் எண்ணிக்கையை நம்பாமல் போனார். ஒரு முறை எண்ணுகிறவர் மூன்று முறை எண்ணினார். இரண்டு நாள் வேலைக்கு ஒரு வாரம் ஆனது. கடையில் ஆட்கள் வேறு, செட்டியம்மா சுற்றியதா, வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார்கள். நாலாவது மாதம் தம்பிராஜா கம்பி அனுப்புவதை நிறுத்திவிட்டார். அக்கா பழையபடி செருப்புக்கு மணி கோக்கப் போனார். கூலி பாதிகூட இல்லை. பசாரில் என்னைக் கண்டால் அவர்தான் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்குவார், கடன்பட்டவர் மாதிரி.

நான் அக்காவுக்குத் தராத காசோடு மேலும் கொஞ்சம் வட்டிக்கு வாங்கி ஹாரன்களைச் சரிசெய்தேன். பெட்டி இல்லாமல் ஓட்டினேன். மறுபடியும் கீச்சல், மறுபடியும் துண்டு.

1959, மே மாதம். கையில் வேலை இல்லாத ஒரு காலை நேரம். பழைய சாமான்களை ஒதுக்கும்போது புகையிலை டப்பா கையில் சிக்கியது. உள்ளே அந்தச் சின்ன பல்பு. பிஸ்கட் டின்னும் பரண்மேல் கிடந்தது. கண்டென்சரை விற்றால் நாலு காசு வருமே என்றுதான் அதை இறக்கினேன். விற்பதற்கு முன் ஓடுகிறதா பார்ப்போம் என்று சின்ன பல்பைப் போட்டு, புல்லாங்குழல் இசைத்தட்டு ஒன்றை வைத்தேன். குழல் மேலே போனது. பல்பு எரிந்தது. கீச்சல் இல்லை. பல்பைக் கழற்றி அந்த இடத்தில் வெறும் கம்பியை முறுக்கினேன். குழல் மேலே போனது, என் பல் கூசியது. மறுபடி பல்பு. மறுபடி கம்பி. பிறகு லோரிப் பல்பு. அது எரியவே இல்லை, கீச்சல் வெறும் கம்பியில் வந்தது போலவே வந்தது.

படிக்காதவன்தான், முட்டாள் இல்லை. விளக்கு காட்டுவதற்கு இல்லை என்பது புரிந்துவிட்டது. அந்தச் சின்னக் கம்பி சூடாகிற அளவுக்குத்தான் கத்துகிறவன் அடங்குகிறான். பெரிய பல்பைச் சூடாக்க எந்தப் பிள்ளையின் குரலாலும் முடியாது. அதை எரிய வைக்க வேண்டும் என்று குமிழை முறுக்கி முறுக்கி, என் ஹாரனை நானே கொன்றிருக்கிறேன்.

தெரிந்த அன்றே போய்ச் சொன்னேனா? இல்லை. ஐந்து மாதம் வாயைத் திறக்கவில்லை. பெட்டியை மட்டும் மாட்டி ஓட்டினேன், காசு பார்த்தேன். வீட்டில் என் மனைவி அன்னம்மா, என்னங்க சோறு இறங்கவில்லையா என்று கேட்பாள். வயிறு சரியில்லை என்பேன்.

அக்டோபரில் தம்பிராஜா கடைக்கு வால்வு வாங்கப் போனேன். அவர் மேசைமேல் கருகிய டிரான்ஸ்பார்மர்கள் ஏழெட்டுக் கிடந்தன. புதிதாகச் சுற்றுகிற ஆளின் வேலை, மாதத்துக்கு மூன்று திரும்பி வருகிறது என்று புலம்பினார். "செட்டியம்மா மாதிரி கை வராது. என்ன செய்ய, உன் ஹாரனைக் கெடுத்துச்சே, அதுக்கப்புறம் எப்படிக் கூப்பிடறது?"

என் வாயால் அடைத்த கதவு. என் வாய்தான் திறக்க வேண்டும். வால்வை வாங்காமலே வெளியே வந்து, பெட்டியையும் இரண்டு பல்புகளையும் பையில் போட்டுக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

அக்கா சாளரத்தோரம் மணி கோத்துக்கொண்டிருந்தார். ஊசி முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. நான் பெட்டியைப் பாயில் வைத்து, இரண்டு பல்புகளையும் அதன் பக்கத்தில் வைத்தேன். அக்கா சின்னதைத் தொட்டார். பெரியதைத் தொட்டார். கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் வைத்திருந்தார்.

"இதையா போட்டே?"

"ஆமாங்க்கா."

"நான் கேட்டேனே."

"கேட்டீங்க."

"ரெண்டு வருஷம்" என்றார். "தினமும் எண்ணினேன், தம்பி. செத்துப்போன எங்க வீட்டுக்காரர் கனவுல வந்து கேட்டாக்கூட எனக்குப் பதில் சொல்லத் தெரியலே. எல்லாத்தையும் சரியாச் செஞ்சும் தப்பா வந்துடுச்சேன்னு."

நான் சட்டைப் பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்தேன். நூறு வெள்ளி. கொண்டுபோகும்போது பெரிய மனுஷத்தனமாகத்தான் நினைத்துக்கொண்டு போனேன். அக்கா அதைப் பார்க்கவே இல்லை. ஆணியிலிருந்து மணி நூலை எடுத்து கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

"காசு அப்புறம். எங்கே சொன்னியோ அங்கே வந்து சொல்லு."

திடலில் இப்போது யார் இருக்கப்போகிறார்கள்? பெட்டியையும் எடுத்துக்கொண்டு தம்பிராஜாவின் கடைக்குப் போனோம். கடையில் நாலைந்து பேர். அதில் இரண்டு பேர் என் வாடிக்கை. மைக் பிடித்து ஆயிரம் பேர் முன்னால் பேசியவன் நான், அந்த நாலைந்து பேரிடம் முதலில் தண்ணீர்தான் கேட்டேன். அக்கா கல்லாப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னேன். பல்பை நான் மாற்றினேன். அக்கா மாற்றாதே என்று சொல்லியிருந்தார். மாற்றினாயா என்று கேட்டபோது பொய் சொன்னேன். பெட்டியில் ஒரு தப்பும் இல்லை. ஐந்து மாதமாக அதே பெட்டியைத்தான் ஓட்டுகிறேன்.

என் வாடிக்கைக்காரர் ஒருவர், "நீ செஞ்ச பெட்டின்னு சொன்னியே" என்றார்.

"அதுவும் பொய்தான்."

அக்கா நூலை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். சுருளைப் பிரித்து எண்ணிக்கொள்ளுங்கள் என்றார். வேண்டாம்மா என்று தம்பிராஜா சொன்னதை அக்கா கேட்கவில்லை. பிரித்தே ஆக வேண்டும் என்று நின்றார். தம்பிராஜா பிரித்து எண்ணினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இருநூற்று எழுபது.

அதற்குப் பிறகு தம்பிராஜா ஒரு டிரான்ஸ்பார்மரை எடுத்து, தயங்கித் தயங்கி அக்காவின் பக்கம் நகர்த்தினார். அக்கா அதன் முனைக் கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், மறுபடி பக்கத்தில் கொண்டுவந்தார்.

"கம்பி ரெண்டாத் தெரியுது. முன்னாடி ஜெயாவைப் பழக்கணும்னு நினைச்சேன். அவளும் இப்போ கட்டிக்கிட்டுப் போயிட்டா" என்றார். "தடிமனான கம்பி இருந்தா அனுப்புங்க. மெல்லிசு முடியாது."

பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். நான் நூறையும் எடுத்தேன்.

"முப்பத்தஞ்சு" என்றார்.

"அக்கா, ரெண்டு வருஷத்துக்கு..."

"ரெண்டு வருஷத்துக்கு உன்கிட்ட காசு இருக்கா? இருக்காது. முப்பத்தஞ்சு குடு."

எல்லாம் ஒரு வெள்ளி நோட்டுகள். மணி ஊசி குத்திக் குத்தி அந்தக் கையில் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. நான் வாய்விட்டு எண்ணினேன். ஒவ்வொரு நோட்டுக்கும் அக்காவின் உதடும் சேர்ந்து அசைந்தது. பத்து. இருபது. முப்பதில் ஒன்றை இரண்டு தரம் எண்ணிவிட்டேன். திரும்ப எண்ணு என்றார். அவர் கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து எண்ணி வைத்தேன். முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு. முப்பத்தைந்து.